காரின் உட்புறக் காற்றோட்டமும் வைப்பிடங்களும்: காஞ்சிபுரம்

காரின் உட்புறக் காற்றோட்டம் என்பது வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, வேண்டும்போது குளிர்வித்து, பயணிகளிடம் சேர்த்து, பழைய காற்றை வெளியே அனுப்பும் ஏற்பாடு. குளோவ் பாக்ஸ் எனப்படும் டேஷ்போர்டுப் பெட்டி, கதவுப் பை, இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டி, பின்கண்ணாடியை ஒட்டிய தட்டு, டிக்கி ஆகியவை வைப்பிடங்கள். வாகனக் கையேடுகள் இவ்விரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். புழக்கத்தில் அவை பின்னிக் கிடப்பவை. பொருளை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே காற்று எங்கே போய்ச் சேரும் என்பது அமைகிறது. காஞ்சிபுரத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மாவட்டம் கார் செய்யும் இடம்; நகரம், கல்யாணப் பட்டு எடுக்கவும் கோயில்களைத் தரிசிக்கவும் குடும்பங்கள் கார் நிறைய வந்திறங்கும் இடம்.

மாவட்டத்தின் கார்கள்

ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1996-இல் தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான சான்ட்ரோ 1998 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. கூரை உயர்ந்த சிறிய கார் அது. வயதானவர்களும் புடவை கட்டியவர்களும் அதிகம் குனியாமல் ஏறி இறங்க அந்த உயரம் உதவியது. இதே நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த கிராண்ட் ஐ10, சிறிய காரிலும் பின்னிருக்கைக்கென்று தனி ஏசி வென்ட் தந்தது. 2017-இல் வந்த வெர்னாவில் முன்னிருக்கைகளுக்குள்ளேயே காற்று ஓடும் வசதி இடம்பெற்றது.

ஒரகடத்தில் ரெனோ, நிஸான் நிறுவனங்களின் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து 2019 ஆகஸ்டில் வெளிவந்த ரெனோ ட்ரைபர் இந்தக் கட்டுரைக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நான்கு மீட்டருக்குள் அடங்கும் காரில் ஏழு பேர் உட்கார வேண்டும்; மூன்றாவது வரிசைக்கும் குளிர்ந்த காற்று போக வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் பின்வரிசைக்கு எட்டாது என்பதால் இரண்டாம் வரிசைக்குக் கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலும், மூன்றாம் வரிசைக்குக் கூரையிலும் வென்ட்கள் வைத்தார்கள். முன்னிருக்கைகளுக்கு நடுவே குளிரூட்டப்பட்ட பெட்டி ஒன்றும் உண்டு. கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். ஏழு இருக்கைகளும் இருக்கும்போது 84 லிட்டராக உள்ள டிக்கி, அவற்றைக் கழற்றியதும் 625 லிட்டராகிறது. ஆளுக்கும் பொருளுக்கும் காற்றுக்கும் ஒரே அறையைப் பங்கிட்டுத் தருவதில் இவ்வளவு யோசித்துச் செய்த கார்கள் குறைவு.

முன்னோடிகள்

காரில் குளிர்சாதனத்தை நிறுவனமே பொருத்தி விற்கத் தொடங்கியது அமெரிக்காவின் பேக்கார்டு, 1940 மாடல்களில். அந்தச் சாதனம் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமானால் காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிர்ச்சியும் சாமானும் இடத்துக்காகப் போட்டியிட்டது அன்றே தொடங்கிவிட்டது. 1954-இல் நாஷ் நிறுவனம் முழுச் சாதனத்தையும் முன்பக்கத்திலேயே அடக்கியபின் டிக்கி மீண்டும் பெட்டிகளுக்குக் கிடைத்தது. கண்ணாடியை இறக்காமலேயே காற்று முன்னால் நுழைந்து பின்னால் வெளியேறும் அமைப்பைச் சாதாரண மக்களின் காருக்குக் கொண்டுவந்தது 1964-இன் ஃபோர்டு கார்ட்டினா. தமிழ்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடரில் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிடுவதுதான் காற்றோட்டம். அதைச் சரியான கோணத்தில் நிறுத்தினால் முகத்தில் விழும் காற்றை இன்றும் பலர் நினைவுகூர்வார்கள்.

காற்று போகும் வழி

முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே, கறுப்பான சல்லடைப் பகுதி ஒன்று இருக்கும். வெளிக்காற்று நுழையும் வாசல் அதுதான். வேப்பமரத்தடியில் நிறுத்திய காரில் சருகும் பூவும் முதலில் சேர்வதும் அங்கேதான். அங்கிருந்து புளோயர் காற்றை இழுத்து, வடிகட்டி வழியாக, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் எவாப்பரேட்டரின் குளிர்ந்த தகடுகள் மீது செலுத்துகிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே நீராகி, சிறு குழாய் வழியே தரையில் சொட்டும். நிறுத்திய காருக்கு அடியில் தண்ணீர் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. அந்தக் குழாய் அடைபட்டால்தான் சிக்கல்: தண்ணீர் முன்பயணியின் காலடிக்கு வந்துவிடும். காலடியில் வைத்த துணிப்பை நனைந்த பிறகே பலருக்கு இது தெரியவருகிறது.

காற்று வெளியேறும் வழியைப் பெரும்பாலோர் அறிந்திருப்பதில்லை. பல கார்களில் பின் பம்பருக்கு உட்புறம், டிக்கியின் பக்கவாட்டில், ரப்பர் மடிப்புகள் கொண்ட திறப்புகள் இருக்கின்றன. உள்ளே அழுத்தம் கூடும்போது மடிப்பு விலகிப் பழைய காற்று போகும். கதவு பட்டென்று எளிதாகச் சாத்திக்கொள்வதற்கும் இவையே காரணம். டிக்கியின் இரு பக்கங்களிலும் இடைவெளியில்லாமல் மூட்டைகளைத் திணித்தால், வெளிக்காற்று முறையில் புளோயர் சத்தம் போடுமே தவிர காற்று சரியாக வராது. வெளியேற வழியில்லாத இடத்தில் புதுக்காற்றும் நுழையாது.

அடுத்து இருக்கைக்கு அடியிலுள்ள இடம். சில கார்களில் பின்னிருக்கைக்காரரின் காலுக்குக் காற்று தரும் குழாய் முன்னிருக்கையின் அடியில்தான் முடிகிறது. காற்றோட்டமுள்ள இருக்கைகளில் சிறிய விசிறிகள் இருக்கையின் உள்ளேயும் அடியிலும் இருக்கும். கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பைக் காரிலேயே விட்டுச் செல்வது வழக்கம். நான்கைந்து ஜோடி செருப்புகளும் ஒரு தண்ணீர் கேனும் முன்னிருக்கையின் அடியில் தள்ளப்பட்டால், பின்னால் உட்கார்ந்த பாட்டிக்கு ஏன் காற்று வரவில்லை என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதில்லை.

உள்காற்றையே சுழற்றும் பொத்தானைப் பயன்படுத்துவதில் குழப்பம் அதிகம். வெயிலில் கிடந்த காரில் ஏறியதும் அதை அழுத்துவது தவறு. அப்போது உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடானது. கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியேற்றியபின் கண்ணாடியை ஏற்றி உள்சுழற்சிக்கு மாற்றினால் சீக்கிரம் குளிரும். குளிர்காற்று கனமானது, தானே கீழிறங்கும் என்பதால் வென்ட்டை முகத்துக்கு நேராக வைக்காமல் சற்று மேல்நோக்கித் திருப்ப வேண்டும். அதே உள்சுழற்சியில் ஐந்தாறு பேர் மணிக்கணக்கில் போனால் மூச்சில் வெளியேறும் கரியமில வாயு சேர்ந்து தலைபாரமும் தூக்கமும் வரும். ஓட்டுநருக்குத் தூக்கம் வருவது எல்லோருக்கும் ஆபத்து. நெடுஞ்சாலையில் இடையிடையே வெளிக்காற்றுக்கு மாற்றிவிடுவது நல்லது.

வைப்பிடங்கள்

டிக்கியின் அளவை லிட்டரில் சொல்வது பலருக்குப் புரியாது. ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் முறைப்படி, 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள கட்டைகளை அடுக்கிப் பார்ப்பார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். மூலைமுடுக்குகளில் கட்டை நுழையாவிட்டால் அந்த இடம் கணக்கில் வராது. அதனால் புடவைப் பெட்டி போன்ற செவ்வகப் பொருள்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு உண்மை பேசும். உருண்டையான பாத்திரங்களுக்குப் பேசாது. சிஎன்ஜி கார்களில் உருளை டிக்கியை விழுங்கிவிடும் குறையைத் தீர்க்க, ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றைத் தரைக்கு அடியில் வைக்கும் முறை வந்தது. ஹூண்டாய் எக்ஸ்டரில் அது 2024-இல் இடம்பெற்றது.

குளிரும் டேஷ்போர்டுப் பெட்டி குளிர்பதனப் பெட்டி அல்ல. ஏசி காற்றில் சிறு பங்கை ஒரு குழாய் பெட்டிக்குள் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சின்னத் திருகையோ தள்ளியையோ திறந்தால் காற்று வரும். ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அது குளிர்ச்சியாக வைத்திருக்கும். சூடானதைக் குளிர வைக்க நெடுநேரம் எடுக்கும். என்ஜினை நிறுத்தினால் அதன் வேலை முடிந்தது. மல்லிகைச் சரத்துக்கு அது அருமையான இடம். இன்சுலின் போன்ற மருந்தை அதை நம்பி விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகக் கூடாது.

டேஷ்போர்டின் மேற்பரப்பு வைப்பிடமே அல்ல, ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் பயன்படும் வைப்பிடம் அதுதான். பிள்ளையார், காமாட்சி, வரதர் எனப் பலரும் அங்கே எழுந்தருளியிருப்பார்கள். முன்பயணிக்கான ஏர்பேக் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. டேஷ்போர்டில் ஏர்பேக்கை மறைக்கும் மூடிக்கு மேல் ஒட்டிய சிலை, மோதலின்போது இமைக்கும் நேரத்துக்குள் பயணியின் முகத்தை நோக்கிப் பறக்கும். பக்தியைக் குறைக்கச் சொல்லவில்லை. மூடியின் மேல் மட்டும் வேண்டாம், நடுப்பகுதியில் தட்டையான சிறிய படமாக இருக்கட்டும். கண்ணாடியை ஒட்டிய நீண்ட பிளவு பனிமூட்டத்தை விலக்கும் காற்றுவழி. அதன்மேல் துணி விரிப்பதும் பூ வைப்பதும் அந்த வழியை அடைக்கும். உதிர்ந்த இதழ்கள் உள்ளேயும் விழும். தளர்வாகக் கிடக்கும் தண்ணீர் பாட்டிலும் ஆபத்தானது: உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் காரை நிறுத்த முடியாது. கதவுப் பை அதற்காகத்தான் இருக்கிறது.

பட்டும் பிரசாதமும்

பட்டு நூல் வெயிலுக்கு அஞ்சும். புற ஊதாக் கதிர் பட்டால் சாயம் மங்கும், நூல் பழுத்து வலுவிழக்கும். ஆகவே புதுப்புடவைப் பைகளைப் பின்கண்ணாடியை ஒட்டிய தட்டில் வைப்பது மிக மோசமான தேர்வு. அங்கே வைத்தால் ஓட்டுநருக்குப் பின்னாலிருப்பதும் தெரியாது. குளிரும் பெட்டியும் சரியல்ல. குளிர்ந்த பொருளை வெளியே எடுத்ததும் ஈரம் படியும், வெள்ளி இழை சேர்ந்த ஜரிகை அதனால் கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றி, டிக்கியில் படுக்கை வசமாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, வீடு சேர்ந்ததும் எடுத்துக் காற்றாட விடுவதே வழி. பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து நாள் கணக்கில் டிக்கியில் விடக் கூடாது.

மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லியின் மிளகும் சுக்கும் சீரகமும் கலந்த மணம் இனிமையானதுதான். ஆனால் அது அதே டிக்கியிலுள்ள புடவையிலும் ஏறிக்கொள்ளும். உணவை ஒரு பக்கமும் துணியை மறுபக்கமும் பிரித்து வைக்க வேண்டும். அர்ச்சனைப் பையில் மிஞ்சும் கற்பூரத்தைக் கவனிப்பவர் குறைவு. சூட்டில் அது ஆவியாகி மூடிய காரை நிரப்பும். குழந்தைகளுக்கு அது நல்லதல்ல, தீப்பற்றும் பொருளும்கூட. லைட்டர், வாசனைத் தெளிப்பான், பவர் பேங்க் ஆகியவற்றையும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விடக் கூடாது.

நடை சாத்திய நேரம்

காஞ்சிபுரத்துப் பெரிய கோயில்கள் மதியம் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் திறக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இடைப்பட்ட நேரம் காரிலேயே கழிகிறது. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திமரச் சிலையை எடுத்து வழிபடும் அத்திவரதர் வைபவம் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்தபோது இந்தக் காத்திருப்பு நகரம் முழுவதும் பரவியது.

மூடிய கார் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதை 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியை விரலளவு இறக்கி வைத்ததால் பெரிய மாற்றம் இல்லை. வெளியே 38 டிகிரி இருக்கும் சித்திரை மதியத்தில், தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று கடைக்குள் போகவே கூடாது. ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் கூடாது. அது எந்த நேரமும் நின்றுபோகலாம்.

என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்குவது இன்னொரு ஆபத்து. புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ, கார் சுவரை ஒட்டியோ கொட்டகைக்குள்ளோ நின்றாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மரநிழலில் எதிரெதிர்க் கண்ணாடிகளை இறக்கி உட்காருவது புழுக்கமாக இருந்தாலும் பாதுகாப்பானது.

கறுப்புத் தாள் ஒட்டிச் சூட்டைத் தடுக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 தீர்ப்பில் அடைத்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குள் வெள்ளித்தாள் மறைப்பை விரிக்கத் தடையில்லை. டேஷ்போர்டு அனலாவதை அது நன்றாகவே குறைக்கும்.

மழையும் பராமரிப்பும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி உட்புறம் மங்கினால் ஏசியை ஓடவிட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்றுக்கு மாற்ற வேண்டும். ஏசி குளிர்விக்கும்போதே ஈரத்தையும் உறிஞ்சும். கண்ணாடியின் வெளிப்புறம் மங்கினால் காரணம் எதிரானது: கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது. வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்தால் சரியாகும்.

வடிகட்டியை ஏறத்தாழ 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மண்சாலையில் அதிகம் ஓடினால் அதற்கும் முன்பே. பல கார்களில் அது டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னாலேயே இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரு பக்கத் தடுப்புகளையும் திருகி எடுத்தால் பெட்டி கீழே சாயும். பின்னாலுள்ள சிறு மூடியின் கொக்கிகளை அழுத்தி இழுத்தால் வடிகட்டி கையோடு வரும். புதியதைச் செருகும்போது அதன் ஓரத்திலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்ட வேண்டும்.

லாரிகள்

இதே மாவட்டத்து ஒரகடத்தில் 2012 முதல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. மாவட்டத்தில் செய்யும் கார்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு நாடு முழுவதும் போகும் ஓட்டுநர்கள் நெடுங்காலம் என்ஜின் சூட்டிலேயே வெந்தார்கள். 2025-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. கார்ப் பயணிகளுக்கு எப்போதோ கிடைத்த வசதி அவர்களுக்கு இவ்வளவு தாமதமாக வந்தது நியாயமில்லை. அதற்கு முன் தயாரான லாரிகளுக்கு விதி பொருந்தாது. அவற்றின் ஓட்டுநர்களில் பலர் இன்னும் திறந்த சன்னலை நம்பியே ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கிறார்கள்.