மந்தம் என்று பெயர் வாங்கியவர்கள்

1956-இல் பாஸ்டன் மருத்துவர்கள் சிலர் ஒரு நோய்க்கு நாவலிலிருந்து பெயர் எடுத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் தொடராக எழுதத் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ கதையில் ஜோ என்ற பருத்த பையன் எந்த வேலைக்கு நடுவிலும் தூங்கிவிடுவான். வாசகர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பாஸ்டன் மருத்துவர்களிடம் வந்தவரோ வியாபாரத்தில் உயர்பதவி வகித்தவர். சீட்டாட்டத்தில் கைக்கு நல்ல சீட்டு வந்தும், இறக்காமல் உறங்கிப்போனார். உடல் பருத்ததால் மூச்சு போதவில்லை, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்தது, அதனால்தான் இந்தத் தூக்கம் என்று முடிவுசெய்து ‘பிக்விக் நோய்’ என்றார்கள். அது விழித்திருக்கும் மனிதரைச் சோதித்துச் சொன்ன விளக்கம். அவர் இரவில் எப்படித் தூங்குகிறார் என்ற கேள்வியே அதில் முக்கிய இடம் பெறவில்லை. இன்று ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடையின் வரலாறு முழுக்க இந்தப் பிழைதான் தொடர்கிறது. இரவில் மூளைக்கு நேரும் கேட்டைப் பகலில் தேடினார்கள். அங்கே கிடைக்காதபோது அதை மனிதரின் குணத்தின்மேல் ஏற்றினார்கள்.

இரவைப் பதிவுசெய்யும் கருவி இல்லாத காலத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காதால் கேட்டே கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். குறட்டை திடீரென்று நின்று, மார்பு மட்டும் காற்றுக்காகப் போராடி, பிறகு பெரும் சத்தத்தோடு மூச்சு திரும்புவதை லண்டன் மருத்துவர் வில்லியம் பிராட்பென்ட் 1877-லேயே எழுதிவைத்தார். 1889-இல் வில்லியம் ஹில், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கு மூக்கும் தொண்டையும் அடைபடுவது ஒரு காரணம் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வாதிட்டார். 1892-இல் வெளிவந்த வில்லியம் ஆஸ்லரின் புகழ்பெற்ற பாடநூலிலும் டான்சில் வீங்கிய குழந்தையின் குறட்டை, இடையில் நிற்கும் மூச்சு, பகலில் தெரியும் மந்தம் எல்லாம் இருக்கின்றன. ஆக, அறிவு இருந்தது. அது துண்டு துண்டாகக் கிடந்தது. குழந்தையின் டான்சிலைப் பார்த்தவரும் பெரியவரின் தொந்தியைப் பார்த்தவரும் ஒரே நோயைத்தான் பார்க்கிறோம் என்று உணரவில்லை. ‘சோம்பேறி’ என்ற சொல் கையருகே இருந்ததும் இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். பழி சொல்லியாகிவிட்டால் யாரும் நோயைத் தேடுவதில்லை.

முடிச்சை அவிழ்த்தவர்கள் நுரையீரல் மருத்துவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1965-இல் பிரான்சின் மார்செய் நகரில் வலிப்பு நோயை ஆராய்ந்துவந்த ஹென்றி காஸ்டோவின் குழுவும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகிய இருவரும், தனித்தனியே, இத்தகைய நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் இரவில் பதிவுசெய்தார்கள். மூச்சு நின்று நின்று வருவதும், அது திரும்பும்போது மூளை ஒரு கணம் விழித்துக்கொள்வதும் தாளில் கோடுகளாக விழுந்தன. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை ஆபத்தை உணர்ந்து தூக்கத்தைக் கலைத்து மூச்சை மீட்கிறது. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் இப்படி நடக்கும். காலையில் எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தவரின் மூளை ஆழ்ந்த உறக்கத்தைச் சரியாகப் பார்த்திருக்காது. பகலில் அவர் தூங்கி விழுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்துவைக்கும் முறையை அறிவித்த பிறகு, அதுவரை செய்ததுபோலக் கழுத்தில் துளையிடாமலே சிகிச்சை செய்ய வழி பிறந்தது.

ஹில் சொன்னதற்கு 109 ஆண்டு கழித்து வலுவான ஆதாரம் வந்தது. அமெரிக்காவில் டேவிட் கோசல், வகுப்பில் கடைசி வரிசையில் நின்ற 297 முதல் வகுப்புக் குழந்தைகளைச் சோதித்து 1998-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் 54 பேருக்கு உறக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. டான்சில், அடினாய்டு அறுவை செய்துகொண்டவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, செய்துகொள்ளாதவர்களுடையது உயரவில்லை. முதுமையிலும் தடயம் உண்டு. 298 மூதாட்டிகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், மூச்சுத்தடை உள்ளவர்களில் 44.8 விழுக்காட்டினருக்கு நினைவாற்றல் குறைவோ மறதிநோயோ வந்தது, மற்றவர்களில் 31.1 விழுக்காடு. தூக்கம் துண்டுபட்டதைவிட ஆக்சிஜன் குறைந்ததோடுதான் இதற்குத் தொடர்பு தெரிந்தது.

மூச்சுத்தடை மூளையைக் கெடுக்கிறது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், மூச்சுத்தடை உள்ள 464 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களின் கவனத்திறன் சோதனை முடிவுகள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. மூளைக்கு வந்த கேடு மிகைப்படுத்தப்பட்டது என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே ஆய்வில் அந்தக் குழந்தைகளின் நடத்தையும் உறக்கமும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. கடுமையாக ஆக்சிஜன் குறைந்த குழந்தைகள் அதில் சேர்க்கப்படவும் இல்லை. சிகிச்சையால் மூளையின் திறன் எவ்வளவு மீளும் என்பது திறந்த கேள்விதான். தூக்கம் கெட்டால் பகல் கெடுகிறது என்பதில் ஐயமில்லை.

குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக இன்னும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், வண்டி ஓட்டும்போது கண் அசரும் கணவரைக் கடிவதற்கு முன், இரவில் அவர்களுடைய குறட்டை இடையிடையே நின்று திணறுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் மருத்துவரிடம் கூடவே போய், பார்த்ததைச் சொல்லுங்கள். தூங்குகிறவருக்கு அது தெரியாது.