சாப்பாட்டுக் கூடையில் வந்த கதை

மே முதல் தேதி காலையில் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் மாலைகள் குவியும். நினைவுச் சின்னத்தைச் சுற்றி முழக்கம் எழும். வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். பழைய ஆட்கள் இன்னும் நேப்பியர் பூங்கா என்றே சொல்லும் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் மார்க்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலை இரண்டாம் முறை படித்தேன். அதுவும் ஒரு மே தினத்தின் கதைதான்.

1902 மே 1. ருஷ்யாவின் சோர்மவோ ஆலைப் பகுதியில் செங்கொடி ஏந்திப் போன பியோத்தர் சலோமவ் என்ற தொழிலாளி கைதாகி, சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தாய் அன்னா. பக்கத்து ஊரான நீழ்னி நோவ்கரதில் பிறந்த கார்க்கியின் மனத்தில் இந்தத் தாயும் மகனும் தங்கிவிட்டார்கள்.

எழுத வாய்த்ததோ 1906இல், அமெரிக்காவில். புரட்சிக்கு நிதி திரட்டப் போன இடத்தில், உடன் வந்த நடிகை மரியா அந்திரேயெவா சட்டப்படி அவர் மனைவி இல்லை என்று பத்திரிகைகள் கிளப்பிவிட, நியூயார்க் ஓட்டல்கள் இருவரையும் வெளியே அனுப்பின. ஒரு தம்பதி இரக்கப்பட்டு இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய அடிராண்டாக் மலை வீட்டில் நாவல் வளர்ந்தது. முதலில் அச்சேறியது ஆங்கிலத்தில், ஓர் அமெரிக்க மாத இதழில் தொடராக. ருஷ்ய மூலம் 1907இல் பெர்லினில் வந்தது. சொந்த நாட்டில் தணிக்கை வெட்டியது போக மிச்சம்தான் கிடைத்தது.

கொள்கை நூல் என்று பலர் இதை ஒதுக்கி வைக்கிறார்கள். எனக்கு மனம் வலிக்கிறது. நாவலின் தாய் பெலகேயா நீலவ்னாவைப் பாருங்கள். குடிகாரக் கணவனிடம் அடிவாங்கியே பாதி ஆயுள் போனவள். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் பாவெல் குடியை விட்டுப் புத்தகத்தை எடுக்கிறான். அவளுக்குப் பயம்தான் வருகிறது. அவன் சிறைக்குப் போன பிறகு ஒரு கணக்குப் போடுகிறாள்: மகன் உள்ளே இருக்கும்போதும் ஆலைக்குள் துண்டறிக்கை வந்துகொண்டே இருந்தால், அதைக் கொண்டுவந்தவன் அவனில்லை என்று ஆகிவிடும் அல்லவா? உணவு விற்கும் அண்டை வீட்டுக்காரியிடம் வேலை கேட்டு வாங்குகிறாள். காகிதங்களை உடம்போடு சேர்த்துச் செருகிக்கொண்டு, சாப்பாட்டைச் சுமந்தபடி காவலாளிகளைத் தாண்டிப் போகிறாள். கூவி விற்கிறாள், கை மாறுவது அறிக்கை. அந்த நேரத்தில் அவளுக்குப் புரட்சி தெரியாது, பிள்ளையைத் தெரியும். பின்னால் யாருக்கும் தெரியாமல் தனியே உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறாளே, அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

தமிழில் இதைக் கொண்டுவந்தவர் தொ.மு.சி. ரகுநாதன். புதுமைப்பித்தனின் நண்பர், 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை பார்த்தவர். கைத்தறி நெசவாளர் பட்டினி கிடந்ததை ‘பஞ்சும் பசியும்’ என்று 1953இல் நாவலாக்கியவர். தறிக்காரர் வீட்டு அடுப்பை அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, அவர் தமிழில் நீலவ்னா நம் தெருவில் கூடை சுமக்கும் ஒருத்தியாகவே பேசுகிறாள். மு. கருணாநிதி அதே கதையைக் கவிதை நடையில் ‘தாய் காவியம்’ ஆக்கினார். மே தினப் பூங்காவில் ஆண்டுதோறும் மாலை வைத்தவரும் அவர்தான்.

பூங்கா இருக்கும் பேட்டையும் நெசவுக்காக எழுந்ததுதான். 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் வளைந்தோடும் கரையில் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள்.

இங்கிருந்து கடற்கரை தூரமில்லை. 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் நடத்தினார். கொடிக்குச் சிவப்புத் துணி அகப்படாமல் மகளின் சேலையைக் கிழித்தார் என்று ஒரு செய்தி உண்டு. அங்கே நாவலில் மகனுக்கான காகிதம் தாயின் உடம்போடு ஒட்டிக்கொண்டு போனது. இங்கே மகளின் சேலை அப்பாவின் கையில் கொடியாயிற்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மே தினத்தன்று அந்தப் பூங்காவில் கொடியை நிமிர்ந்து பார்க்கிறபோதெல்லாம் அதன் ஓரத்தில் கரை தெரிகிறதா என்று என் கண் தேடுகிறது.