பென்டாகுளோரோபீனால் தடையும் பாலாற்றுத் தோல் தொழிலும்

பென்டாகுளோரோபீனால் தடை என்பது, பூஞ்சணத்தைக் கொல்லும் வேதிப்பொருள் ஒன்றைத் தடைசெய்து மேற்கு ஜெர்மனி 1989 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணையாகும். உடல்நலப் பாதுகாப்புக்கான இந்த ஆணை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் ஏற்றுமதியையும் பாதித்தது.

பின்னணி

1970-களில் இந்திய அரசு பதனிடாத தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தியது. இதனால் அன்றைய வட ஆற்காடு மாவட்டத் தொழிற்சாலைகள் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் மாறின. ஜெர்மனி அவற்றின் முக்கியச் சந்தைகளுள் ஒன்று. ஈரத்தோலில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க மலிவான பென்டாகுளோரோபீனால் பயன்பட்டது. நச்சுத்தன்மை கொண்ட இதன் எச்சம் தோலிலேயே தங்கிவிடும்.

ஐரோப்பியச் சட்டச் சிக்கல்

ஜெர்மன் ஆணைப்படி, இப்பொருள் சேர்த்துப் பதப்படுத்திய பண்டத்தில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் எச்சம் இருக்கக்கூடாது. வேதிக்கலவைகளுக்கான வரம்பு 0.01 விழுக்காடு. 1991-இல் ஐரோப்பியச் சமூகம் வெளியிட்ட பொது விதியோ கலவைகளுக்கு 0.1 விழுக்காடு என்ற வரம்பை வைத்தது. பொது விதி வந்தபின் ஒரு நாடு தனக்கென்று கடுமையான விதியை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது.

ஐரோப்பிய ஆணையம் 1992-இல் ஜெர்மனிக்கு ஒப்புதல் அளித்தது. பிரான்சு வழக்குத் தொடுத்தது. போதிய காரணம் கூறப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1994 மே 17 அன்று அந்த ஒப்புதலை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையம் காரணங்களை விளக்கி மீண்டும் ஒப்புதல் அளித்தது. ஜெர்மன் வரம்பு நிலைத்தது.

வைட்டமின் மாத்திரைகளிலும் இதே போன்ற சிக்கல் எழுந்தது. பரிந்துரைத்த நாளளவைப் போல் மும்மடங்குக்கு மேல் வைட்டமின் இருந்தால் அதை மருந்தாகவே கருதும் ஜெர்மன் நடைமுறையை, 2004-இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது. உடல்நலத்தைக் காட்டி வணிகத்தைத் தடுக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் காட்டியாக வேண்டும் என்பதே இரு வழக்குகளின் சாரம்.

தமிழ்நாட்டில் விளைவு

இந்த வழக்குகளில் ஆம்பூருக்கு இடமில்லை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவும் வழியில்லை. தொழிற்சாலைகள் மாற்றுப் பூஞ்சணக்கொல்லிகளுக்கு மாறின. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் எச்சத்தை அளக்கும் சோதனையிலும் மாற்றுப்பொருள் தேடலிலும் துணைநின்றது. அடுத்து 1994-இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடைசெய்தபோதும் தொழில் மீண்டும் தன்னை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

பாலாறு

ஜெர்மன் விதி அளந்தது விற்பனைக்கு வரும் தோலில் எஞ்சிய நஞ்சை மட்டுமே. அதைப் பதனிடும்போது பாலாற்றில் கலந்த கழிவுநீர் அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அவ்வழக்கில் சொல்லப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி எனத் தீர்ப்பளித்தது.

காலணி அணிபவரின் உடல்நலத்தை இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டம் காத்தது. ஆற்றங்கரையில் வாழ்பவர்களோ தம் நாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.