கம்பளிப் பெரியம்மாவும் பட்டாணிச் சுரப்பியும்

சித்திரை மாசத்து மத்தியானம் கருவடிக்குப்பத்துல வெயில் எப்படி இருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை. கடற்காத்து வர்ற வரைக்கும் தெருவே வெந்துகிட்டு இருக்கும். அந்த நேரத்துல எங்க வீட்டுத் திண்ணையில ஒருத்தர் கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. என் பெரியம்மா. தெருப்பசங்க எல்லாம் சேர்ந்து அவங்களுக்கு "கம்பளிப்பூச்சி"ன்னு பேர் வச்சிருந்தோம். நானும் சேர்ந்து சிரிச்சவன்தான். இப்ப எழுதறப்போ கூச்சமா இருக்கு.

பெரியம்மாவுக்கு 1974ல தலைப்பிரசவம். வீட்டுலயே, மருத்துவச்சி கையால. அண்ணன் நல்லபடியா பிறந்துட்டார். ஆனா நஞ்சுக்கொடி விழ நேரமாகி, ரத்தம் நிக்காம போயிருக்கு. "ரெண்டு பாய் நனைஞ்சுதுடா"ன்னு பாட்டி சொல்லுவாங்க. பிழைச்சதே சித்தானந்தர் புண்ணியம்னு கோயிலுக்குப் போய் விளக்கேத்திட்டு வந்தாங்களாம்.

அப்புறம் பால் சுரக்கறதுக்காக பால் சுறாப் புட்டு, பூண்டுன்னு என்னென்னமோ கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு சொட்டு வரலை. அண்ணன் சங்குல பசும்பால் குடிச்சு வளர்ந்தார். மாசவிலக்கு திரும்பி வரலை. புருவம் உதிர்ந்தது. எப்பவும் குளிர், எப்பவும் அசதி. பாதி வேலையில உட்கார்ந்துடுவாங்க. குடும்பம் கொடுத்த பட்டம், சோம்பேறி. பார்த்த டாக்டர்கள் கொடுத்தது சத்து டானிக். இப்படியே 21 வருஷம்!

இது என்ன வியாதின்னு உலகத்துக்கு எப்பவோ தெரியும். எப்படித் தெரிஞ்சுதுங்கற சரித்திரத்தைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். (நான் டாக்டர் இல்லை. படிச்சதையும் பார்த்ததையும் எழுதறேன், அவ்வளவுதான்.)

மூளைக்கு அடியில, மூக்குக்குப் பின்பக்கமா, எலும்புல ஒரு சின்னக் குழி இருக்கு. குதிரைச் சேணம் மாதிரி இருக்கறதால துருக்கிச் சேணம்னு அதுக்குப் பேர். அந்தக் குழிக்குள்ள பட்டாணி அளவுல உட்கார்ந்திருக்கறது பிட்யூட்டரி. எடை அரை கிராமைச் சுத்திதான். மூளையோட கபம் இது வழியா மூக்குக்கு வடியுதுன்னு அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நினைச்சாங்க. லத்தீன்ல பிட்யூட்டா என்றால் கபம். இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்துல இதைக் கபச்சுரப்பின்னு எழுதறது அந்தப் பேரோட நேர் மொழிபெயர்ப்புதான்.

உண்மையில அது கபம் வடிக்கறதில்லை. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை எல்லாத்துக்கும் "வேலையைப் பாரு"ன்னு உத்தரவு போடற மேஸ்திரி அது. தாய்ப்பாலுக்கான புரோலாக்டினும் அங்கேருந்துதான் வருது. கர்ப்ப காலத்துல இந்தச் சுரப்பி மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ வீங்கும். அதன் முன்பகுதிக்கு ரத்தம் வர்ற குழாய்கள்ல அழுத்தம் ரொம்பக் குறைவு. பிரசவத்துல ரத்தம் கொட்டி ரத்தஅழுத்தம் விழுந்தா, முதல்ல பட்டினி கிடக்கறது இந்தப் பட்டாணிதான். முன்பகுதி செத்துப் போயிடும். தாய் பிழைச்சுக்குவா, மேஸ்திரி போயிடுவார்.

பிரசவத்துக்கு அப்புறம் செத்துப்போன பெண்களோட பிட்யூட்டரி அழிஞ்சு கிடந்ததை 1913ல போலந்துக்காரர் கிளின்ஸ்கி எழுதினார். 1914ல ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்து சிம்மண்ட்ஸ் எழுதினார். அதனால சிம்மண்ட்ஸ் நோய்னு பேர் நிலைச்சது. கூடவே ஒரு தப்பும் நிலைச்சது. இந்த நோய் வந்தவங்க எலும்பும் தோலுமா இளைச்சுப் போவாங்கன்னு பாடப்புத்தகங்கள் சொல்லிடுச்சு. இளைக்காதவங்களை யாரும் சந்தேகப்படவே இல்லை.

அதைத் திருத்தினவர் ஹரால்ட் ஷீஹன். ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பிரசவ ஆஸ்பத்திரியில பிரேதப் பரிசோதனை செய்த நோய்க்குறியியல் மருத்துவர். செத்த தாய்மார்களோட பிட்யூட்டரியை வரிசையாப் பார்த்து, அழிவுக்குக் காரணம் ரத்தப்போக்கும் அதோட வர்ற அதிர்ச்சியும்தான்னு 1937ல எழுதினார். அதோட நிக்கலை. 'இப்படி ரத்தம் போயும் பிழைச்சவங்க இப்ப எப்படி இருக்காங்க?'ன்னு ஒரு கேள்வி கேட்டார். மர்டாக் என்பவரோட சேர்ந்து அந்தப் பெண்களைத் தேடிப் பார்த்து, 1938ல அதையும் எழுதினார். பால் சுரக்கலை, மாசவிலக்கு வரலை, குளிர், அசதி, முடி உதிர்வு. எங்க பெரியம்மாவோட கதையை அவங்க பிறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதி வச்சிருக்கார் பாருங்க! இளைப்பு இதோட முக்கிய அடையாளமே இல்லைன்னும் 1949ல அவர் விளக்கினார். இன்னைக்கு இந்த நோய்க்குப் பேர் ஷீஹன் சிண்ட்ரோம்.

கண்டுபிடிச்சாச்சு, மருந்து? தைராய்டுச் சாறு 1891லயே வந்தாச்சு. ஆனா அட்ரீனல் தர்ற கார்ட்டிசோனை நோயாளிக்கு முதல் தடவையா ஊசியா போட்டது 1948ல, அமெரிக்காவுல ஹென்ச் என்ற டாக்டர். அதுவும் மூட்டு வாதத்துக்கு. 1950ல அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. அதுக்கு அப்புறம்தான் ஷீஹன் நோயாளிகளுக்கு நிஜமான வாழ்வு.

இதுல ஒரு வரிசை இருக்கு. முதல்ல ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு. மாத்திக் கொடுத்தா ஆபத்து. தைராய்டு மாத்திரை உடம்பை முடுக்கிவிடும். முடுக்கின உடம்பு கார்ட்டிசோல் கேட்கும். கொடுக்க ஆள் இல்லை. அப்படியே சரிஞ்சுடும்.

பெரியம்மாவுக்கு நடந்தது அதேதான். 1995ல ஒரு டாக்டர் முகவீக்கத்தைப் பார்த்துட்டு தைராய்டு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். பத்து நாள்ல வாந்தி, மயக்கம், பேச்சு மூச்சு இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். அங்கே சலைன் போட்டு, கொஞ்சம் தெளிஞ்சதும், ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து கேட்டாங்க: "ஏம்மா, குழந்தை பிறந்தப்போ உங்களுக்குப் பால் சுரந்துச்சா?"

21 வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் அதைக் கேட்டாங்க. பெரியம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க.

ஊசி போட்ட மறுநாள் எழுந்து உட்கார்ந்தாங்க. ஒரு வாரத்துல "பசிக்குதுடா"ன்னாங்க. நாங்க அவங்க வாயால அதைக் கேட்டதே இல்லை.

நம்ம ஊருக்கு மருத்துவப் படிப்பு புதுசு இல்லைங்க. பிரெஞ்சுக்காரங்க 1823ல இங்கே மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க. அதோட வழியிலதான் 1956ல தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்து, 1964ல ஜிப்மர் ஆச்சு. கருவடிக்குப்பத்துலேருந்து கோரிமேடு சில கிலோமீட்டர்தான். ஆனா எங்க வீட்டுல யாருக்கும் இதை நோய்னே தோணலை. அவங்க சுபாவம்னு நினைச்சோம். ஒரு வேளை மாத்திரைக்கும் பெரியம்மாவுக்கும் நடுவுல இருந்த தூரம் அதுதான்.

எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை இது. காஷ்மீர்ல சர்கார் என்ற டாக்டர் குழு கிராமம் கிராமமா ஆராய்ஞ்சு 2005ல வெளியிட்ட கணக்குப்படி, 20 வயசுக்கு மேல, குழந்தை பெத்த பெண்கள்ல சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த நோய். அவங்கள்ல பாதிக்கு மேல வீட்டுப் பிரசவம். இப்போ ஆஸ்பத்திரிப் பிரசவம்தான் வழக்கம். குழந்தை வெளியே வந்ததும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டுக் கருப்பையைச் சுருங்க வைக்கறாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த ஆக்ஸிடோசினும் பிட்யூட்டரியோட பின்பகுதியிலேருந்து வர்றதுதான்! அந்தச் சாறு கருப்பையைச் சுருக்கும்னு 1906ல ஹென்றி டேல் கண்டுபிடிச்சார். 1953ல து விக்னோ அதை ஆய்வுக்கூடத்துல செஞ்சு காட்டினார். தன்னைக் காப்பாத்தற மருந்தைத் தானே சுரக்கற சுரப்பி.

அந்த ஊசி இல்லாத காலத்துல பெத்துப் பிழைச்சவங்க இன்னும் நம்ம வீடுகள்ல பாட்டிகளா இருக்காங்க. வயித்துப்போக்கு, காய்ச்சல்னு வந்து, ரத்தத்துல சோடியம் குறைஞ்சு மயங்கி விழுந்தப்புறம்தான் பலருக்கு இது தெரிய வருது. தைராய்டுன்னு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தா சில சமயம் நார்மல்னே வரும். ஏன்னா டி.எஸ்.எச். அனுப்பறதே அந்தப் பழுதான பிட்யூட்டரிதானே! கூடவே ஃப்ரீ டி4, காலை கார்ட்டிசோல் பார்க்கணும்.

பெரியம்மா அதுக்கப்புறம் 21 வருஷம் இருந்தாங்க. காலையில ஒரு தைராய்டு மாத்திரை, ரெண்டு வேளை ஸ்டீராய்டு. அதுல அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் மூணு: ஸ்டீராய்டை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தா டோஸை ரெண்டு மடங்காக்கணும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கலைன்னா உடனே ஊசிக்கு ஓடணும். "ஸ்டீராய்டு கெடுதல், விட்டுடு"ன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. "எனக்கு இது மருந்து இல்லை, சோறு"ன்னு பதில் சொல்லுவாங்க. விவரத்தை ஒரு அட்டையில எழுதிச் சுருக்குப் பையில வச்சிருந்தாங்க. 2016ல போய்ச் சேர்ந்தாங்க. கம்பளியை எப்பவோ யாருக்கோ கொடுத்துட்டாங்க.

உங்க வீட்டுலயும் வெயில்ல குளிருதுன்னு சொல்ற அத்தையோ பாட்டியோ இருந்தா, சிரிக்கறதுக்கு முன்னாடி அந்த லேடி டாக்டர் கேட்ட கேள்வியைக் கேளுங்க. பதில் 'இல்லை'ன்னு வந்து, பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சுன்னும் சொன்னாங்கன்னா, ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கேட்க எங்களுக்கு 21 வருஷம் ஆச்சு.