திண்ணையில் கேட்ட பாடம், கார்டில் வந்த மார்க்

வகுப்பில் பிள்ளை என்ன படிக்கிறது என்பது வீட்டுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு இந்தக் கேள்விக்கு உடனே வரும் பதில் ராங்க் கார்டு. இல்லாவிட்டால் டைரியில் டீச்சர் எழுதி அனுப்பும் ஒரு வரி. அதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் கூட்டம். ஆனால் இருநூறு வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்களில் பள்ளிக்கூடம் இருந்த தெருவில் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது. பாடம் தெருவுக்கே கேட்டது!

புதுவையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிறகு பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்று ஊர்கள் வரிசையாக வரும். வழியில் எத்தனை சாவடிகள் பாருங்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கவும் ஊர்க்காரர் கூடிப் பேசவும் இருந்த பொது இடம். பிள்ளைச்சாவடி என்ற பெயரைக் கேட்டால் பிள்ளைகள் கூடிப் படித்த சாவடி போல ஒலிக்கிறது. பெயர் வந்த கதை எதுவானாலும், அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் என்பது இப்படிப்பட்ட திறந்த இடம்தான். ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு சத்திரம், ஒரு சாவடி, ஒரு மரத்தடி.

இந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை உள்ளே இருந்து பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் உ.வே.சாமிநாதையர். 1855-இல் பிறந்த அவர் தன் வாழ்க்கையை எழுதியபோது (1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது) தான் படித்த பள்ளிக்கூடத்தையும் விரிவாகச் சொல்கிறார். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். இதற்கு முறை வைத்தல் என்று பெயர். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடும் தாத்தாவுக்குத் தன் பேரன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பது தெரிந்துவிடும். ஆசிரியர் தனியாக வந்து சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கம் ரொம்ப அழகானது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மிருகம் என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார் ஆசிரியர். அதை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் காலையில் வந்து சொல்ல வேண்டும். மறந்தால் போச்சு! பையன் ராத்திரி முழுவதும் ஒரு பூவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தால், அன்றைய பள்ளிக்கூடச் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வருடத்துக்கு ஒருமுறை நவராத்திரி. ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பிள்ளைகள் பாட்டுப் பாடி, கோலாட்டம் அடித்துக் காட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் தங்களால் ஆனதைக் கொடுப்பார்கள். மாதச் சம்பளம் ஒழுங்காக வராத காலத்தில் ஆசிரியருக்கு இது பெரிய வரும்படி. கூடவே, ஒரு வருடத்தில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று ஊருக்குக் காட்டியதும் ஆயிற்று.

கணக்குப் பாடமும் வீட்டுக்குள் நுழைந்தது. எண்சுவடியில் முழு எண்கள் மட்டுமல்ல, காணி, அரைக்காணி, முந்திரி என்று பின்னங்களும் உண்டு. முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. பொன்னுக்கு ஒரு சுவடி, நெல்லுக்கு ஒரு சுவடி. களத்தில் நெல் அளக்கும்போது அப்பா ஒரு கேள்வி கேட்டால் பையன் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பாடம் வந்திருக்கிறது, விழித்தால் வரவில்லை. இந்தச் சுவடிகளையும் அந்தக் கணக்கு உலகத்தையும் பற்றி, புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்து, 2022-இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அது ஒரு பொற்காலம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரம்படி, குட்டு, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் எல்லாம் அந்தத் திண்ணையிலேயே நடந்தவைதான். அதைவிட முக்கியமானது, பாடம் எந்தத் தெருவுக்குக் கேட்டது என்பது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் தொகுத்த கணக்கின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான்! நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தாழ்த்தப்பட்டோர் குடியிருந்த சேரிக்கு அந்தத் திண்ணைச் சத்தம் பெரும்பாலும் எட்டவில்லை. திண்ணை திறந்ததுதான், ஆனால் யார் ஏறி உட்காரலாம் என்பதில் மூடியது.

சரி, தெருவுக்குக் கேட்டுக்கொண்டிருந்த செய்தி எப்போது நின்றது? இதற்குள் ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதையும் மாணவனை வைத்தே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் தன் பள்ளியில் வைத்து, 1797-இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது உலகம் சுற்றியது. மணல் போனது, சட்டாம்பிள்ளை போனார். ஆனால் தெரு போகவில்லை. பெல் தன் பள்ளியில் அன்றாடப் பாடத்தைப் பதிவேட்டில் ஏற்ற வைத்தார். அதைப் படிக்க வேண்டியவர்கள் பள்ளியை நடத்துபவர்கள்.

1860-களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்ற முறை வந்தபோது இந்தத் திசைமாற்றம் முழுமையானது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், எத்தனை பேர் எந்தப் பாடத்தில் தேறினார்களோ அதற்குத் தகுந்த மானியம் பள்ளிக்குக் கிடைக்கும். ஆசிரியரின் பிழைப்பு வீட்டுக்காரர் கையிலிருந்து இன்ஸ்பெக்டர் கைக்குப் போயிற்று. அப்புறம் அவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்? வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, ஆய்வாளர் குறிப்பு என்று எல்லா எழுத்தும் மேலே போயின. கீழே, வீட்டுக்கு, வந்தது பாஸ் அல்லது பெயில். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையில் இந்த மானிய முறை கிடையாது. ஆனால் அங்கும் அரசாங்கத் தேர்வும் சான்றிதழும்தான் படிப்புக்கு அளவுகோல்.

புதுவையிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 1943 டிசம்பர் 2-ஆம் தேதி அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை தொடங்கிய பள்ளி பட்டமும் சான்றிதழும் கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் தொடக்கத்தில் பிள்ளைகள் நாடகம் போட்டும் உடற்பயிற்சி செய்தும் காட்டுகிறார்கள். நவராத்திரிக் கோலாட்டத்துக்கு ஒரு தூரத்துச் சொந்தம் எனலாம்.

மற்ற பள்ளிகளில் ராங்க் கார்டு நிலைத்துவிட்டது. படிக்கத் தெரியாத அம்மா அதில் கைநாட்டு வைத்தார். கணக்கில் 35 என்றால், பிள்ளைக்குக் கூட்டல் வருகிறதா, கடன்வாங்கிக் கழித்தல் வரவில்லையா என்று அந்த எண் சொல்லாது. கையெழுத்துப் போடத் தெரிந்த அப்பாவுக்கும் அது தெரியாது. 2007-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும் ஏணிப்படி அட்டை வகுப்பில் தொங்கியது. அதைப் பார்க்க வகுப்புக்குள் வர வேண்டும், அவ்வளவுதான்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஆசிரியர் பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் இவற்றைச் சொல்வதைக் கடமையாகவே ஆக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் கூட்டம் எத்தனை மணிக்கு? பிள்ளைச்சாவடி மாதிரி கடலோர ஊரில் விடியுமுன் கடலுக்குப் போன ஆண்கள் கரை திரும்பும் நேரமும், பெண்கள் மீன் கூடையோடு விற்கப் போகும் நேரமும் காலைதான். பத்து மணிக் கூட்டத்துக்கு யார் வருவது?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27-இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய இடம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பம், இதே கடற்கரைச் சாலையில். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தன்னார்வலர்கள் தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை முடிந்து வந்த அம்மா வாசலில் நின்றபடியே பாடத்தைக் கேட்க முடிந்தது. பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டம், அதனால் அது திட்டத்துக்கு உள்ளே. அடுத்த ஊரான பிள்ளைச்சாவடி புதுவை மாநிலம், அதனால் வெளியே.