அபாயத்தை அறியும் உரிமை

நோயாளியிடம் உணவு, உறக்கம், உடல்நிலை ஆகியவற்றை விசாரிப்பது வைத்தியர்களின் பண்டைய வழக்கம். இவற்றோடு, செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் கேட்டல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் பெர்னார்டினோ ராமசினி என்னும் இத்தாலிய வைத்தியராவர். தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொன்முலாம் பூசுவோரைப் பாதரசமும் குயவரை ஈயமும் வருத்தியவாற்றை அந்நூல் எடுத்துரைத்தது. இரசாயனப் பொருள்களின் தீங்குகளைத் தொகுத்து வைக்கும் முயற்சி அங்கே கால்கொண்டது எனலாம்.

ஆயினும், அறிவது வேறு. அறிந்ததை உரியவருக்கு அறிவிப்பது வேறு. வெண்பொசுபரசு கொண்டு தீக்குச்சி செய்தோரின் தாடை எலும்பு அழுகிப் போவதை ஐரோப்பிய வைத்தியர் 1840களிலேயே கண்டு எழுதினர். அப்பொருளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கை சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் கைச்சாத்தானதோ 1906ஆம் ஆண்டிலேயாம். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் உண்மை ஏடுகளில் இருந்தது. தீக்குச்சிச் சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களை அது காக்கவில்லை.

இவ்விடைவெளி எத்துணைக் கொடியது என்பதை உலகம் உணர்ந்தது போபாலில். 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, அந்நகரின் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று வெளிப்பட்டது. உறக்கம் கலைந்து எழுந்த மக்கள், தம்மைத் தாக்குவது யாதென்று அறியாது ஓடினர். மூச்சிரைக்க ஓடியோர் நஞ்சை மேலும் உள்ளிழுத்தனர். வைத்தியசாலைகளில் திரண்டோருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர்களுக்கும் அவ்வாயுவின் இயல்பு தெரிந்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மதிலுக்கு உள்ளே இருந்தோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, மதிலுக்கு வெளியே இருந்தோருக்கு எட்டாமற் போயிற்று.

இதன் பின்னரே, அறிதல் என்பது சலுகையன்று, உரிமை என்னும் கொள்கை சட்டமாக வலுப்பெற்றது. அபாயகரமான இரசாயனங்களின் விபரத்தை அயலவரும் அறிய வழிசெய்யும் சட்டத்தை ஐக்கிய அமெரிக்கா 1986இல் இயற்றியது. சர்வதேசத் தொழில் தாபனம் 1990இல் இரசாயனப் பொருள்கள் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. செந்நிறச் சாய்சதுரத்துள் மண்டையோடு, தீச்சுவாலை முதலிய குறிகளைக் காட்டும் பொதுமுறையை ஐக்கிய நாடுகள் சபை 2003இல் வெளியிட்டது.

இன்று இவ்வறிவெல்லாம் இணையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2004இல் தொடங்கிய பப்கெம் தரவுத்தளத்தையும், உலக சுகாதார தாபனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் கூட்டாக வெளியிடும் இரசாயனப் பாதுகாப்பு அட்டைகளையும் யாரும் பார்க்கலாம். ஆனால், தேடும் முறை அறிந்து தேடுதல் வேண்டும். ஒரே பொருள் பல பெயர்களில் விற்கப்படும். ஆகவே 1965இல் ஆரம்பமான சி.ஏ.எஸ். பதிவிலக்கத்தைக் கொண்டு தேடுவதே சாலச் சிறந்தது. பாடசாலை ஆய்வுகூடத்திற் தவளையை இட்டு வைக்கும் போமலினை எடுத்துக்கொள்வோம். அதன் மூலப்பொருளான போமல்டிகைட்டின் இலக்கம் 50-00-0. அவ்விலக்கத்தை இட்டுத் தேடினால், அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்ததையும் அறியலாம். பின்னர் இரண்டாவது மூலம் ஒன்றோடு ஒப்புநோக்குதலும், குறிப்பு எழுதப்பட்ட ஆண்டைக் கவனித்தலும் அவசியம். கரைசலின் செறிவு மாறினால் அபாயத்தின் அளவும் மாறும் என்பதை மறத்தலாகாது.

நம் கடலும் இப்பாடத்தைக் கற்றது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடங்கும். கரையொதுங்கிய பொருள்களைத் தொடவேண்டாம் என அதிகாரிகள் எச்சரித்தனர். ஏன் தொடலாகாது என்பதை விளங்கிக்கொண்டவனே அவ்வெச்சரிக்கையை உறுதியாகப் பேணுவான்.

தரவுத்தளங்களிற் பெரும்பகுதி ஆங்கிலத்தில் உள்ளது. நஞ்சைக் கையாளும் விவசாயியும் துப்புரவுத் தொழிலாளியும் அதனை வாசிக்க இயலாதிருக்கலாம். ஆகவே, வாசிக்க வல்லவர் வாசித்து, அவர்தம் மொழியில் எடுத்துரைத்தல் கடமையாகும். ஏட்டில் உறங்கும் எச்சரிக்கை எவரையும் காப்பதில்லை. காதில் விழுந்த எச்சரிக்கையே உயிர் காக்கும்.