லிபரல் ஆர்ட்ஸ் பட்டத்தின் செலவும் வருவாயும்

இலக்கியம், வரலாறு, தத்துவம், கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றைச் சிறு வகுப்புகளில் சேர்த்துக் கற்பிக்கும் நான்காண்டுக் கல்லூரிகளையே அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் என்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு ஆளைத் தயார்செய்வது இவற்றின் நோக்கமன்று. எனவே இப்பட்டம் போட்ட பணத்தை மீட்டுத் தருமா என்ற ஐயம் பல காலமாக இருந்து வருகிறது. படிப்பின் பெயரைப் பார்த்து அதற்கு விடை சொல்லிவிட முடியாது. வருவாய் எந்த வயதில் கைக்கு வருகிறது, கடன் தவணை எந்த வயதில் தொடங்குகிறது என்பவையே விடையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் செலவு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரியில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். ஆனால் அங்குப் படிப்போரில் ஏறக்குறைய பாதிப் பேர் உதவித்தொகை பெறுகிறார்கள். 2022 முதல் அந்த உதவியில் கடன் என்பதே இல்லை. முழுவதும் திருப்பித் தர வேண்டாத மானியம். இலாப நோக்கற்ற தனியார் கல்லூரிகளை மொத்தமாகப் பார்த்தாலும், முதலாண்டு மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடி அறிவித்த கட்டணத்தில் பாதிக்கு மேல். கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி இன்னும் ஒரு படி மேலே சென்று, 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அங்கே ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். ஒருவர் நூலகத்தில் இருப்பார், ஒருவர் தறியில் நெய்வார், இன்னொருவர் பட்டறையில் துடைப்பம் கட்டுவார். நெய்ததும் கட்டியதும் விற்பனைக்குப் போகும். ஆகவே கையேட்டில் அச்சிட்ட தொகையை வைத்துக் கணக்குப் போடுவது பிழை. அதே வேளையில், படிக்கும் நான்காண்டுகளில் இழக்கும் சம்பளமும் செலவே. பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூல் அதையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

வருவாய்ப் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கல்வி, பணிவாழ்வு ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கு. சேர்ந்து பத்தாண்டு முடியும்போது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் இடைநிலை நிகர ஆதாயம் 62,000 டாலர். எல்லாக் கல்லூரிகளுக்கும் அது 107,000 டாலர். நாற்பதாண்டுக் கணக்கில் நிலைமை தலைகீழாகிறது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு 918,000, எல்லாக் கல்லூரிகளுக்கும் 723,000.

இந்த எண்களை அப்படியே ஏற்பதற்கில்லை. பட்டியலில் முதலிடம் பெற்றது கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி. அது பொறியியலுக்கும் அறிவியலுக்கும் பேர்போன இடம். அதன் ஆதாயத்தைத் தத்துவம் படித்தவரின் கணக்கில் எழுத முடியாது. தவிர, இக்கணக்குக்கு அடிப்படையான அரசின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தரவுத்தொகுப்பு, கூட்டாட்சி அரசின் உதவி பெற்ற மாணவர்களின் வருமானத்தை மட்டுமே காட்டுகிறது. நாற்பதாண்டு என்பதும் தொடக்கக்கால வருமானத்திலிருந்து நீட்டிக் கணித்த மதிப்பீடே.

ஆனாலும் அடிப்படைப் போக்கு ஐயத்துக்கு இடமில்லாதது. டேவிட் டெமிங், காதீம் நோரே இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, கணினி, பொறியியல் போன்ற பயன்பாட்டுத் துறைகளில் படித்தோரின் கூடுதல் ஊதியம் வேலையில் சேரும்போதுதான் உச்சத்தில் இருக்கிறது என்றும், முதல் பத்தாண்டுக்குள் அதில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது என்றும் காட்டியது. அத்துறைகளில் வேலைக்கு வேண்டிய திறன் வேகமாக மாறுவதே காரணம். நேற்றுக் கற்ற மென்பொருளுக்கு இன்று மதிப்பில்லை. எழுதவும் வாதிடவும் பழகியவரின் திறன் அவ்வளவு விரைவில் பழசாவதில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கூட்டாட்சி மாணவர் கடனின் வழக்கமான தவணைக் காலம் பத்தாண்டு. பட்டம் பெற்ற ஆறு மாதத்தில் முதல் தவணை கட்ட வேண்டும். அதாவது, பட்டம் மிகக் குறைவாகச் சம்பாதித்துத் தரும் ஆண்டுகளில்தான் கடன் முழுவதையும் அடைக்க வேண்டியிருக்கிறது. வருமானத்துக்கேற்பத் தவணை கட்டும் திட்டங்கள் சுமையைக் குறைக்கின்றன, ஆனால் வட்டி ஓடும் காலத்தை நீட்டுகின்றன. படிப்பைப் பாதியில் விட்டவரின் நிலை இன்னும் மோசம்: கடன் உண்டு, பட்டம் இல்லை.

அடுத்தது, யாருக்கு இலாபம் என்பது. ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தரமுள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வெவ்வேறு தரமுள்ள கல்லூரிகளில் சேர்ந்த மாணவர்களை ஒப்பிட்டது. பெரும்பாலோர்க்குக் கல்லூரியின் பெயரால் வருமானம் கூடவில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கூடியது. வீட்டில் கிடைக்காத தொடர்புகளையும் வழிகாட்டலையும் அவர்களுக்குக் கல்லூரி தந்திருக்க வேண்டும்.

இத்தகைய கல்லூரிகளை ஏழைக்குக் கட்டுப்படியாகாத சொகுசு என்று ஒதுக்குவது, அவற்றால் மிகுந்த பயன் அடையக்கூடியவரையே விலக்கிவைப்பதாகும். மானியத்தோடு இடம் கிடைத்தால் அவர்கள் தயங்காமல் சேரலாம். பெருங்கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்றால், அதே பாடங்களை மாநிலப் பல்கலைக்கழகத்தில் குறைந்த செலவில் படிப்பதே சரி.